தோலின் ஒவ்வாமையும் தோட்டத் தொழிலும்

தோட்டத் தொழிலாளியின் முதலீடு அவருடைய கைகளே. பால்வெட்டுக் கத்தியைப் பிடிப்பதும் வாளியைத் தூக்குவதும் அக்கைகள்தாம். அவற்றில் அரிப்பும் கொப்புளமும் தோன்றிவிட்டால் வேலையும் கெடுகிறது, உறக்கமும் கெடுகிறது. இதனைப் பலர் ‘உடம்புச் சூடு’ என்றோ ‘கெட்ட இரத்தம்’ என்றோ எண்ணி விட்டுவிடுகின்றனர். ஆனால், உண்மையான காரணம் பெரும்பாலும் கை தொட்ட பொருளிலேயே அடங்கியிருக்கிறது. இதனைப்பற்றி அறிவியலறிஞர்கள் நூறாண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து கண்ட உண்மைகளைத் தோட்டப் பாட்டாளிகளும் அறிந்திருத்தல் நலம்.

எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு

பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலம் கையில் பட்டால் எவருக்கும் தோல் வெந்துபோகும். பால் கெடாதிருக்கச் சேர்க்கப்படும் அம்மோனியாவும் எவர் தோலையும் கண்ணையும் உறுத்தும். இது எரிச்சல். பொருள் எவ்வளவு கடுமையானது, எவ்வளவு நேரம் தோலில் தங்கியது என்பவற்றைப் பொறுத்தே இதன் கொடுமை அமையும்.

ஒவ்வாமையோ வேறு வகை. ஒரே பொருளைப் பத்துப் பேர் தொட்டாலும் ஒருவருக்கு மட்டுமே அது வரக்கூடும். அவருக்கு மிகச் சிறிய அளவும் போதும். தொட்டவுடன் ஒன்றும் தெரியாமல், ஒன்று முதல் மூன்று நாள் கழித்து அரிப்பும் தடிப்பும் நீர்க்கொப்புளமும் தோன்றும். இதனால்தான் எந்தப் பொருளால் வந்தது என்பதை நோயாளியே அறிய முடியாமற் போகிறது.

தோலின் நினைவு

ஒவ்வாமையூட்டும் பொருள்களிற் பல மிக நுண்ணிய மூலக்கூறுகளைக் கொண்டவை. அவை தோலின் மேலடுக்கைக் கடந்து, உள்ளேயுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. தோலில் காவல் புரியும் உயிரணுக்கள் அவற்றை அந்நியப் பொருளெனக் கண்டு, நிணநீர்க் கணுக்களுக்கு எடுத்துச் செல்கின்றன. அங்கே அப்பொருளை மட்டும் அடையாளம் காணும் வெள்ளணுக்கள் பெருகுகின்றன. இதற்குச் சுமார் இரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை வெளியே ஓர் அறிகுறியும் இராது. அடுத்த முறை அதே பொருள் பட்டதும் அவ்வணுக்கள் திரண்டு வந்து தாக்குகின்றன. அந்தப் போரே நாம் காணும் புண். இந்த நினைவு பெரும்பாலும் ஆயுள் முழுவதும் அழிவதில்லை.

‘பத்து ஆண்டுகளாக இதைத்தானே தொடுகிறேன், இன்று மட்டும் ஏன்?’ என்று கேட்போர் உண்டு. பழகிய பொருளுக்கும் உடல் எந்த நாளிலும் பகையாகலாம் என்பதே விடை. வெட்டுக்காயமும் நீரில் ஊறிய வெடிப்புமுள்ள தோல் அப்பகைக்கு வழி திறந்து வைக்கிறது.

நம் நாட்டுக் காடுகளில் வளரும் ரெங்காஸ் மரத்தின் கரிய பால் இதற்கு நல்ல சான்று. அது பட்டோர் பலருக்குக் கொடிய கொப்புளங்கள் உண்டாகின்றன. மாவும் முந்திரியும், நம் முன்னோர் நன்கறிந்த சேங்கொட்டையும் அம்மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

அறிஞர்கள் கண்ட வழி

1895 ஆம் ஆண்டில் யோசப் யாதசோன் என்னும் மருத்துவர், பாதரச மருந்தால் தோல் புண்ணான நோயாளிக்கு அம்மருந்தையே சிறிதளவு தோலில் வைத்துச் சோதித்து, நோயின் காரணத்தை மெய்ப்பித்தார். இதுவே ஒட்டுச் சோதனையின் தொடக்கம். இன்றும் மருத்துவர்கள் ஐயத்துக்குரிய பொருள்களை நோயாளியின் முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்க்கின்றனர். பின்னர் மூன்றாம் அல்லது நான்காம் நாள் மீண்டும் பார்க்கின்றனர்.

இரத்தப் பிரிவுகளைக் கண்டுபிடித்த கார்ல் லாண்ட்ஸ்டைனர், 1942 ஆம் ஆண்டில் மெரில் சேஸ் என்பவருடன் கினிப் பன்றிகளை ஆராய்ந்தார். ஒவ்வாமை கொண்ட விலங்கின் உயிரணுக்களை வேறொன்றுக்குச் செலுத்தியபோது அதற்கும் ஒவ்வாமை வந்தது. இந்நோயைச் சுமந்து செல்வன உயிரணுக்களே என்பது இதனால் தெளிவாயிற்று.

காரணம் தெரிந்தால் பொருளையே திருத்தலாம். சிமெண்டிலுள்ள குரோமிய உப்பு கட்டடத் தொழிலாளரின் கைகளைப் புண்ணாக்கியது. டென்மார்க் நாட்டில் 1981 முதல் சிமெண்டில் இரும்பு சல்ஃபேட்டைச் சேர்த்ததால் அந்நோய் குறைந்தது.

ரப்பரும் ஒவ்வாமையும்

ரப்பர்ப் பொருள்களால் வரும் ஒவ்வாமை இருவகைப்படும். முதலாவது, கையுறை, காலணி முதலியவற்றைச் செய்யும்போது சேர்க்கப்படும் தயூராம், கார்பமேட் போன்ற இரசாயனங்களால் வருவது. இது மேலே கூறியவாறு தாமதித்துத் தோன்றும்.

இரண்டாவது, மரப்பாலிலுள்ள புரதத்தால் வருவது. இது தொட்ட சில நிமிடங்களிலேயே தடிப்பு, தும்மல், மூச்சுத்திணறல் எனத் தோன்றும். அரிதாக உயிருக்கும் ஆபத்தாகலாம். 1979 ஆம் ஆண்டில் இது மருத்துவ ஏட்டில் விளக்கப்பட்டது. கையுறைகளைப் பன்முறை நீரில் அலசிப் புரதத்தைக் குறைக்கும் முறைகள் பின்னர் மலேசியத் தொழிற்சாலைகளில் கையாளப்பட்டன. புரதத்தைக் காற்றில் பரப்பும் மாவு பூசிய மருத்துவக் கையுறைகளை அமெரிக்கா 2017 ஆம் ஆண்டில் தடை செய்தது.

நாம் செய்யவேண்டியவை

1. அமிலம் பட்டால் உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுக. கண்ணில் பட்டால் கழுவியபின் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்க.

2. கிழிந்த கையுறையை அணியாதீர். உள்ளே அமிலம் புகுந்த கையுறை, வெறுங்கையைவிடத் தீங்கானது.

3. கையுறை பட்ட இடத்திலேயே அரிப்பு வந்தால் மருத்துவரிடம் கூறி, ஏற்ற வேறு கையுறையைக் கேட்டுப் பெறுக.

4. கண்ட களிம்புகளைத் தடவாதீர். நியோமைசின் கலந்த களிம்பும் சிலருக்கு ஒவ்வாமை தரும்.

5. மருத்துவரைக் காணும்போது, கடந்த மூன்று நாள்களில் தொட்ட பொருள்களையெல்லாம் கூறுக. தலைச்சாயம், சவர்க்காரம், பூச்சிமருந்து ஆகியவற்றையும் விட்டுவிடாதீர். ஓய்வு நாள்களில் புண் ஆறி, வேலைக்குத் திரும்பியதும் மீண்டும் வருகிறதா என்பதையும் கூறுக. அஃதொன்றே பெரிய தடயமாகும்.

தொழிலால் வரும் தோல் நோய்கள், 1969 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தொழில் நோய்களாகக் கருதப்படுகின்றன. ஆதலால் மருத்துவச் சான்றுகளைப் பத்திரப்படுத்தி, சொக்சோ அலுவலகத்தில் விவரம் கேட்டறியுங்கள். தொழிலாளரின் பாதுகாப்பைப் பேணுவது முதலாளியின் கடமை என்பதை 1994 ஆம் ஆண்டுத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் வலியுறுத்துகிறது.

ஒவ்வாமையை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. காரணமான பொருளை விலக்குவதே மருந்து. கைகளில் தோன்றும் முதல் அரிப்பை அலட்சியம் செய்யாதவர், வருங்காலத்தில் தம் வேலையையும் வருவாயையும் காத்துக்கொள்கிறார்.