ஐந்து அச்சு சிஎன்சி கிரைண்டரில் எண்ட்மில் சாணை பிடிப்பது எப்படி?

சேர்வராயன் மலை பாக்சைட் உள்ள மலை. 1965-ல் உற்பத்தி தொடங்கிய மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்கு இந்த மலையின் தாதுவும் இறங்கிப் போனது. பாக்சைட்டை மின்வில் உலையில் உருக்கினால் அலுமினியம் ஆக்சைடு என்ற சாணைத்தூள் கிடைக்கும். கிரைண்டிங் வீல்களில் பெரும்பகுதி அந்தத் தூளில் செய்ததுதான். அந்த மலையிலுள்ள செம்மநத்தத்திலிருந்து சேலத்துக்கு ஐ.டி.ஐ. படிக்க இறங்கி வரும் பிள்ளைக்கு கிரைண்டிங் அந்நியத் தொழில் அல்ல. அதன் மூலப்பொருள் சொந்த மலையிலேயே இருக்கிறது.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இன்னொரு ஊரையும் மறக்கக் கூடாது. எண்ட்மில் செய்யும் கார்பைடில் பெரும்பங்கு டங்ஸ்டன். மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து அரிட்டாபட்டி உள்ளிட்ட ஊர் மக்கள் போராடினார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. மலையைத் தோண்டாதே என்று கேட்பது நியாயம் என்றால், ஏற்கெனவே தோண்டி எடுத்ததை வீணாக்காமல் இருப்பது நம் கடமை. நல்ல கார்பைட் எண்ட்மில்லை ஒழுங்காகச் சாணை பிடித்தால் பொதுவாக மூன்று முதல் ஐந்து முறை திரும்ப ஓட்டலாம்.

சேலம், கோவை, ஓசூர் பட்டறைகளில் ஐந்து அச்சு டூல் கிரைண்டரில் புதிதாக நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வால்டர், அன்கா, ரோலோமேட்டிக் என்று எந்த எந்திரமானாலும் வேலையின் வரிசை ஏறத்தாழ ஒன்றுதான். 12 மி.மீ. விட்டமுள்ள, நான்கு ஃப்ளூட் கொண்ட எண்ட்மில்லை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

அச்சுகளைப் புரிந்துகொள்ளுங்கள்

எக்ஸ், ஒய், இசட் மூன்றும் நேர்கோட்டில் நகர்பவை. ஏ அச்சு கருவியைத் தன் மையத்திலேயே சுழற்றும். சி அச்சு வீலுக்கும் கருவிக்கும் நடுவிலுள்ள கோணத்தைத் திருப்பும். சுருளாக ஓடும் ஃப்ளூட்டை அரைக்க நேர்நகர்வும் சுழற்சியும் சேர்ந்தே நடக்க வேண்டும். 12 மி.மீ. கருவியில் சுருள் கோணம் 30° என்றால், நீளவாக்கில் 65.3 மி.மீ. நகர்வதற்குள் ஏ அச்சு ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். இந்தக் கணக்கை எந்திரம் பிசகாமல் போடும். ஆனால் கருவி எங்கே இருக்கிறது, வீல் எவ்வளவு பெரிது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் தப்பையும் அது பிசகாமல் செய்யும். கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் எந்திரம் ஓடுவதற்கு முன்னால் செய்யும் வேலைகளாக இருப்பது அதனால்தான்.

படி 1: எவ்வளவு எடுக்க வேண்டும் என்று முடிவெடுங்கள்

கருவியை எண்ணெய்ப்பசை போகக் கழுவி, நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். இரண்டு சேதங்களைத் தனித்தனியே அளக்க வேண்டும். வெட்டுவிளிம்பின் பின்புறம் பளபளவென்று தெரியும் தேய்மானப் பட்டை ஒன்று. முனையின் மூலையில் உடைந்து போன இடம் இன்னொன்று.

பட்டை 0.15 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சரிவுக் கோணம் 10° என்றால் விளிம்பு ஆரத்தில் இழந்தது 0.026 மி.மீ. மட்டுமே. விட்டத்தில் 0.05 மி.மீ. அதற்குக் கொஞ்சம் கூடுதலாக எடுத்து, புது விட்டம் 11.90 மி.மீ. என்று முடிவு செய்யலாம். மூலை 0.3 மி.மீ. உடைந்திருந்தால் முனையை நீளவாக்கில் 0.5 மி.மீ. வெட்டித் தள்ளினால் போதும். அளக்காமல் ‘இருக்கட்டும்’ என்று ஒரு மில்லிமீட்டர் எடுப்பவர், அடுத்த சாணைக்கான உலோகத்தையும் இன்றைக்கே தூளாக்கிவிடுகிறார்.

படி 2: ஷாங்கையும் பிடிப்பையும் சரிபாருங்கள்

கோலெட் பிடிக்கும் தண்டுப் பகுதியான ஷாங்க்தான் எல்லா அளவுக்கும் ஆதாரம். எச்6 தரத்தில் 12 மி.மீ. ஷாங்க் அதிகபட்சம் 11 மைக்ரான் குறைவாக இருக்கலாம்; கூடுதலாக இருக்கவே கூடாது. பிடித்த இடத்தில் பிசிறு எழும்பியிருந்தால் மெல்லிய எண்ணெய்க்கல்லால் நீவுங்கள்.

கோலெட்டைத் துடைத்து, கருவியைச் செருகி இறுக்குங்கள். கோலெட்டுக்கு வெளியே, ஃப்ளூட் முடிந்து உருளையாக இருக்கும் இடத்தில் லீவர் டயலை வைத்து, ஏ அச்சைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். முள் மொத்தம் 5 மைக்ரானுக்குள் ஆட வேண்டும். கூடுதலாக ஆடினால் கருவியைக் கோலெட்டுக்குள்ளேயே 90° திருப்பி மறுபடி பாருங்கள். அதிகம் ஆடும் இடம் கருவியோடு சேர்ந்து நகர்ந்தால் கோளாறு ஷாங்கில்; பழைய இடத்திலேயே நின்றால் கோளாறு கோலெட்டில் அல்லது அதன் இருக்கையில். பெரும்பாலும் இருக்கையில் ஒட்டிய கார்பைட் சேறுதான் காரணமாக இருக்கும். துடைத்ததும் முள் அடங்கிவிடும்.

படி 3: வீலைத் தேர்ந்து தயார் செய்யுங்கள்

கார்பைடுக்கு வைர வீல். அதிவேக எஃகுக் கருவிக்கு சிபிஎன் வீல். இதை மாற்றிப் போடாதீர்கள். வைரம் என்பது கார்பன். சூட்டில் அது இரும்போடு வினைபுரிந்து சீக்கிரம் கரைந்து போகும்.

ஃப்ளூட்டுக்கு நேரான 1ஏ1 வடிவம். பின்சரிவுக்கும் முனைக்கும் கிண்ண வடிவ 11வி9. ஃப்ளூட்டுக்கு டி64, பின்சரிவுக்கு டி46 அளவுத் துகள் என்று தொடங்கலாம். வேகம் நொடிக்கு 20 மீட்டர் அளவில் இருக்கட்டும். 100 மி.மீ. வீலுக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 3,820 சுற்று. வீல் தேய்ந்து 90 மி.மீ. ஆனபிறகும் அதே சுற்றில் ஓட்டினால் வேகம் 18 மீட்டராக இறங்கிவிடும். வீலை அளந்து சுற்றைத் திருத்துங்கள்.

வீலின் முகம் சீராகச் சுழலும்படி திருத்திய பிறகு டிரஸ்ஸிங். வெள்ளை அலுமினியம் ஆக்சைடு குச்சியை நன்றாக நனைத்து, வீல் முகத்தில் லேசாக ஊட்டுங்கள். வழவழப்பாக இருக்கும் வீலில் குச்சி வழுக்கிக்கொண்டு போகும். பிடிப்புப் பசை தேய்ந்து வைரத் துகள்கள் தலைநீட்டியதும் வீல் குச்சியை ‘சர்’ரென்று தின்னத் தொடங்கும். அந்தக் கணத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் கொடுப்பது வைரத்தை உதிர்க்கும் வேலை. குச்சியின் வெள்ளைத் தூளும் பாக்சைட்டைச் சுத்திகரித்துப் பெற்ற அலுமினாவிலிருந்து வந்ததே.

படி 4: வெப்பத்தையும் ஆயிலையும் கட்டுக்குள் வையுங்கள்

நீள அளவுகளுக்கு உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20°. சேலத்துக் கோடையில் கதவைத் திறந்து வைத்த ஷெட்டில் நுட்பமான அளவு நிற்காது. 12 மி.மீ. கார்பைட் கருவி 15° சூடேறினாலும் விட்டத்தில் ஒரு மைக்ரான்கூட வளராது. ஆனால் 400 மி.மீ. நீள எஃகு பால்ஸ்க்ரூ 5° சூடேறினாலே 23 மைக்ரான் வளரும். கருவி அப்படியே இருக்கும், எந்திரம்தான் நகர்ந்து போகும். காலையில் எந்திரத்தை அரைமணி நேரம் வெறுமனே ஓட்டிச் சூடேற்றுங்கள். அறையின் வெப்பமும் ஆயிலின் வெப்பமும் நாள் முழுக்க மாறாமல் இருக்கட்டும்.

ஆயில் வீலோடு சேர்ந்து சுழலும் காற்றுப்படலத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். அதற்கு ஆயிலின் வேகம் வீலின் வேகத்துக்கு ஈடாக இருக்க வேண்டும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்துக்கு நாசிலில் ஏறத்தாழ 1.7 பார் அழுத்தம் தேவை. பம்பில் காட்டும் அழுத்தத்தை நம்பாதீர்கள். நாசில் பக்கத்தில் அளவிடுங்கள். தாரை, வீல் கருவியைத் தொடும் புள்ளியிலேயே விழ வேண்டும்.

படி 5: எந்திரத்துக்கு உண்மையைச் சொல்லுங்கள்

வீல்களின் விட்டம், முகத்தின் இடம், மூலை ஆரம் ஆகியவற்றை அளந்து பதியுங்கள். பழைய எண்ணை அப்படியே விடாதீர்கள். பிறகு புரோபைக் கொண்டு கருவியின் நீளம், ஃப்ளூட் நிற்கும் இடம், சுருளின் அளவு மூன்றையும் எடுங்கள். ஃப்ளூட் பல் எங்கே இருக்கிறது என்பது தப்பினால் வீல் நல்ல விளிம்பைத் தின்றுவிடும்.

புரோகிராமில் வேலைகளின் வரிசை: முனை வெட்டுதல், தேவையானால் ஃப்ளூட் முகம், முனைக் குழிவு, பக்கவாட்டுப் பின்சரிவு, முனைப் பின்சரிவு. பக்கவாட்டு முதல் சரிவுக்கு 10°, முனைக்கு 7° என்பது எஃகு வெட்டும் எண்ட்மில்லுக்கு நல்ல தொடக்கம். திரையில் முப்பரிமாண ஒத்திகை பார்த்து, வீல் கோலெட்டில் மோதவில்லை என்று உறுதிசெய்யுங்கள். நீங்கள் பதிந்த வீல் அளவு பொய்யானால் ஒத்திகையும் பொய்தான்.

படி 6: முதல் கருவியை மெதுவாக ஓட்டுங்கள்

ஊட்டு வேகத்தை 25 சதவீதத்தில் வைத்து, விரலை நிறுத்து பொத்தானிலேயே வைத்திருங்கள். ஃப்ளூட் அரைக்கும்போது வீலின் ஒவ்வொரு மில்லிமீட்டர் அகலத்துக்கும் ஏறும் சுமையைக் கணக்கிடலாம். ஆழம் 3 மி.மீ., ஊட்டு நிமிடத்துக்கு 80 மி.மீ. என்றால் நொடிக்கு 4 கன மில்லிமீட்டர். வீல் தயாரிப்பாளரின் அட்டவணையோடு இதை ஒப்பிட்டு, ஸ்பிண்டில் சுமையைப் பார்த்துப் படிப்படியாக ஏற்றுங்கள்.

படி 7: அளந்து, திருத்தி, எழுதி வையுங்கள்

முதல் கருவியின் விட்டம், நான்கு பல்லின் ஆட்டம், கோணங்கள் ஆகியவற்றை அளவுக் கேமராவில் பாருங்கள். விளிம்பில் பற்கள் போல உதிர்ந்திருந்தால் வீல் துகள் பெரிது அல்லது ஊட்டு அதிகம். கருவி நெடுக விட்டம் சரிந்து போனால் பிடிப்பு தளர்ந்தது அல்லது கருவி வளைகிறது. கருகிய நிறம் தெரிந்தால் ஆயில் சேரவில்லை அல்லது வீல் மழுங்கிவிட்டது. அலைஅலையாகக் கோடு விழுந்தால் வீல் சமநிலையைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

சரியானதும் ஷாங்கில் 11.90 என்று பொறித்து, எத்தனையாவது சாணை என்பதையும் குறியுங்கள். மில்லிங் எந்திரத்தில் நிற்பவர் 12.00 என்று பதிந்துவிட்டால் உங்கள் உழைப்பு அவருடைய ஜாபில் தவறாக விழும். அரைத்த இடத்தில் மேற்பூச்சு போயிருக்கும். எஃகு வெட்டப் போகிறதென்றால் மறுபூச்சுக்கு அனுப்புங்கள்.

உடம்பைக் காத்துக்கொள்ளுங்கள்

கார்பைட் தூளில் கோபால்ட் இருக்கிறது. தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் திரும்பிச் சரியாகாத அளவுக்குக் கெடும். ஷெட் மூலையில் உலர்வாகக் கார்பைட் உரசும் வழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள். மூடிய கதவு, மூடுபனியை இழுக்கும் உறிஞ்சி, தீயணைப்பு ஏற்பாடு மூன்றும் இல்லாமல் ஆயில் கிரைண்டரை ஓட்ட வேண்டாம். ஆயில் மூடுபனி தீப்பற்றும். கையில் பட்ட சேற்றைக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். உறிஞ்சியையும் தீயணைப்பு ஏற்பாட்டையும் முதலாளி வாங்கித் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

கடைசிப் படி: எப்போது விடுவது

ஃப்ளூட் நீளம் வேலைக்குப் போதாமல் போனாலோ நடுத்தண்டில் விரிசல் தெரிந்தாலோ இனிச் சாணை பிடிக்க வேண்டாம். அப்போதும் அது குப்பை இல்லை. உடைந்த கார்பைட், வடிகட்டியில் சேரும் சேறு இரண்டையும் எஃகுச் சுருளோடு கலக்காமல் தனித்தனி டப்பாவில் சேர்த்து, கார்பைட் மறுசுழற்சிக்கு வாங்குபவரிடம் கொடுங்கள். எடைக்குப் பணம் கிடைக்கும். டங்ஸ்டன் மறுபடி கருவியாகும். பட்டறையில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு எந்திரத்தின் பட்டனைக் காட்டுவதற்கு முன்னால் அந்த டப்பாவைக் காட்டுங்கள்.