கடல் கடந்த பிள்ளையின் இல்லத்தில்

கொரிய நாட்டின் பழைய நூல்களுள் ஒன்று 'சாம்குக் யூசா'. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இர்யோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்தது அது. கடல் கடந்து சென்ற ஓர் இளவரசியின் கதை அதில் வருகிறது. 'ஆயுத்த' என்ற நாட்டில் பிறந்த அவளுக்கு வயது பதினாறு. கயா நாட்டு மன்னன் சூரோவுக்கு மணமுடிக்க அவளை அனுப்புமாறு பெற்றோருக்குக் கனவில் கட்டளை பிறக்கிறது. கி.பி. 48-ஆம் ஆண்டில் அவள் கொரியக் கரையை அடைந்து, ஹோ ஹ்வாங்-ஓக் என்ற பெயரில் அரசியாகப் போற்றப்பட்டாள் என்று அந்நூல் கூறுகிறது. ஆயுத்த என்பது நமது அயோத்தியே என்று கருதி, 2001-ஆம் ஆண்டில் அங்கே அவளுக்கு ஒரு நினைவுச் சின்னமும் எழுப்பப்பட்டது. வரலாற்று ஆசிரியர்கள் அனைவரும் இதனை ஏற்கவில்லை. எனினும் கதையின் ஒரு பகுதி பெற்றோர் ஒவ்வொருவரும் சிந்திக்கத் தக்கது.

இளவரசியின் கப்பல் முதல்முறை புறப்பட்டபோது கடல் சீறியது. பயணத்தைத் தொடர முடியாமல் அவள் தந்தையிடமே திரும்பினாள். தந்தை அவளைத் தடுத்து நிறுத்திக் கொள்ளவில்லை. கல்லாலான ஒரு ஸ்தூபியைக் கப்பலில் ஏற்றி, மீண்டும் வழியனுப்பினார். இம்முறை கடல் அடங்கி வழிவிட்டது. கிம்ஹே நகரில் அரசியின் சமாதிக்கு அருகில் 'பாசா' ஸ்தூபி என்ற பெயரில் அது இன்றும் காட்டப்படுகிறது. கல்லின் பாரமே கப்பலை நிலைப்படுத்தியது என்று விளக்கம் கூறுவோரும் உண்டு.

கப்பலில் இரண்டு வகையான கனம் உண்டு. ஒன்று நங்கூரம், அது கப்பலை நகரவிடாமல் பிடித்து நிறுத்துவது. மற்றொன்று, கப்பலின் அடித்தளத்தில் ஏற்றப்படும் பாரம். அது கப்பலோடு சேர்ந்தே பயணம் செய்து, அலையில் அது கவிழாமல் காப்பது. பெற்றோரின் அன்பும் கனமானதே. பிள்ளையின் வாழ்வில் அது நங்கூரமாக இருக்கிறதா, அடிப்பாரமாக இருக்கிறதா? வெளிநாட்டில் வாழும் பிள்ளையைக் காணச் செல்லும் நாட்களில் இந்தக் கேள்வி நேருக்கு நேராக நம்முன் வந்து நிற்கிறது.

விருந்தினர் என்ற நிலை

இன்று நம் நாட்டு இளைஞர்கள் பலர் ஆராய்ச்சிக்காகவும், மின்னணு, மோட்டார் வாகனம், கணினி முதலிய துறைகளில் பணிக்காகவும் தென் கொரியாவில் வாழ்கின்றனர். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோருக்குப் பொதுவாகக் கிடைப்பது 'சி-3' என்ற குறுகிய கால விசா. அதிகபட்சமாக 90 நாட்கள் தங்கலாம். அங்கே பணிபுரிவோரின் குடும்பத்தினருக்கென 'எஃப்-3' என்ற விசா உண்டு; ஆனால் அது கணவன் அல்லது மனைவிக்கும், வயது நிரம்பாத பிள்ளைகளுக்கும் உரியது. பெற்றோர் அந்த வரையறைக்குள் வருவதில்லை.

சட்டத்தின் இந்தப் பாகுபாடு முதலில் மனத்தை வருத்தக்கூடும். 'பெற்றவள் குடும்பத்தில் சேர்த்தி இல்லையா?' என்று கேட்கத் தோன்றும். ஆழ்ந்து நோக்கினால், நாம் கற்க வேண்டிய பாடம் இதிலேயே அடங்கியுள்ளது. பிள்ளை வளர்ந்து தனக்கென ஓர் இல்லம் அமைத்துக்கொண்ட பிறகு, அந்த இல்லத்தில் பெற்றோர் விருந்தினரே. நம் ஊரில் இந்த உண்மை மறைந்து கிடக்கிறது. அயல்நாட்டில் அது விசாவிலேயே பதிவாகிவிடுகிறது.

ஆராய்ச்சி நிறுவனங்கள் நிறைந்த தேஜோன் நகரில் பணிபுரியும் மகனிடம் செல்லும் ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு வீட்டை ஆண்டவர் அவர். கணவர் காலமானபின் முதன்முறையாக மகனுடன் சில வாரங்கள் தங்கப் போகிறார். அங்கே கதவுக்குச் சாவி இல்லை. எண்களை அழுத்தித் திறக்கும் பூட்டு. வீட்டுச் சாவிக் கொத்தை இடுப்பில் செருகியிருந்தவர், மகனிடம் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. துணி துவைக்கும் இயந்திரத்தின் பொத்தான்கள் எல்லாம் கொரிய எழுத்தில் உள்ளன. தெருவில் இறங்கினால் ஒரு பெயர்ப்பலகையையும் படிக்க இயலவில்லை. மகன் காலையில் சென்றால் இரவில்தான் திரும்புகிறான்.

நான்காம் நாள் இரவு தாய் கேட்கிறார்: "இவ்வளவு தூரம் வந்த அம்மாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச உனக்கு நேரமில்லையா, கண்ணா?"

மகன் கூறுகிறான்: "ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உன்னோடுதான் இருப்பேன், அம்மா. இந்த வாரம் வேலையை விட்டு வர முடியவில்லை."

மகன் கூறியது உண்மை. தாயின் வேதனையும் உண்மை. ஆனால் தாய் கேட்டது நேரத்தைப் பற்றிய கேள்வி அன்று. 'நான் இன்னமும் உனக்குத் தேவைப்படுகிறேனா?' என்பதே அதன் உட்பொருள். இந்தக் கேள்வியை நேரடியாகக் கேட்க நாம் அஞ்சுகிறோம். அதனால் அது வேறு வடிவங்களில் வெளிப்படுகிறது. சமையலறையைக் கைப்பற்றிக்கொள்கிறோம், பாத்திரங்களை நம் விருப்பப்படி இடம் மாற்றுகிறோம், 'எப்போது ஊர் திரும்பப் போகிறாய்?' என்று நாள்தோறும் கேட்கிறோம். அன்பு நங்கூரமாக மாறுவது இவ்வாறுதான்.

'என் பிள்ளை' என்ற சொல்லில் இரு பகுதிகள் உள்ளன. 'பிள்ளை' என்பதில் அன்பு இருக்கிறது. 'என்' என்பதில் உரிமை இருக்கிறது. குழந்தை சிறியதாக இருக்கும்வரை இரண்டும் ஒன்றாகவே வளர்கின்றன. அப்போது உரிமை இல்லாமல் அன்பு காக்க முடியாது. பிள்ளை வளர வளர உரிமை மெல்ல உதிர்ந்து, அன்பு மட்டும் எஞ்ச வேண்டும். காம்பு கழன்ற பின்னரும் கனியின் இனிமை குறைவதில்லை. இந்தப் பக்குவத்தையே நம் முன்னோர் வானப்பிரஸ்தம் என்ற வாழ்க்கை நிலையாக வகுத்தனர். காட்டுக்குச் செல்வது அதன் வெளித்தோற்றம். இல்லத்தின் ஆட்சியை மனமுவந்து ஒப்படைப்பது அதன் உட்கருத்து.

அந்த மண்ணின் உள்ளம்

நம் பிள்ளை வாழும் நாடு பெற்றோரின் அருமை அறியாத நாடு என்று எண்ணிவிடக் கூடாது. பெற்றோரைப் போற்றுதலைக் கொரியர் 'ஹியோ' என்கின்றனர். கன்ஃபூசியஸ் நெறியின் வழியே அவர்களது வாழ்வில் வேரூன்றிய பண்பு அது. அவர்களது கதைப்பாடல் மரபாகிய 'பான்சோரி'யில் சிம் சோங் என்ற பெண்ணின் கதை புகழ்பெற்றது. பார்வையற்ற தந்தைக்குக் கண்ணொளி கிடைப்பதற்காக, முந்நூறு மூட்டை அரிசிக்குத் தன்னையே மாலுமிகளிடம் விற்றுக் கடலுக்குப் பலியாகத் துணிந்தவள் அவள். தந்தைக்காகத் தன்னலம் துறந்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இவள் அந்நியள் அல்லள்.

ஆண்டுதோறும் மே 8-ஆம் நாள் அங்கே பெற்றோர் தினம். 1956 முதல் அன்னையர் தினமாக இருந்தது, 1973-இல் பெற்றோர் இருவருக்கும் உரியதாக மாற்றப்பட்டது. அன்று பிள்ளைகள் பெற்றோருக்குச் செந்நிறக் கார்னேஷன் மலர்களை அளிப்பர். சுரங்க ரயிலில் முதியோருக்கென ஒதுக்கப்பட்ட இருக்கைகள் காலியாக இருந்தாலும் இளைஞர்கள் பெரும்பாலும் அமர்வதில்லை. தமிழ்ப் பெற்றோருக்கு மற்றொரு வியப்பும் காத்திருக்கிறது. கொரியக் குழந்தைகள் தந்தையை 'அப்பா' என்றே அழைக்கின்றனர். தாயை 'ஒம்மா' என்கின்றனர். இதைக்கொண்டு இரு மொழிகளும் ஓரினம் என்று முடிவு கட்டத் தேவையில்லை. குழந்தையின் உதடுகள் முதலில் எழுப்பும் ஒலிகள் பல நாடுகளிலும் ஒத்திருப்பவையே. ஆயினும், ஒரு பூங்காவில் தனித்து அமர்ந்திருக்கும் தந்தையின் காதில் 'அப்பா' என்ற குரல் விழும்போது, அந்த ஊர் அயலூராகத் தோன்றாது.

அந்த நாட்டுக்கும் நம்முடைய கவலைகளே உள்ளன. 2024 டிசம்பரில் அதன் மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர் என்ற நிலை ஏற்பட்டது. தனித்து வாழ்வோரின் இல்லங்கள் மொத்த இல்லங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். பிள்ளைகள் தொழில் நகரங்களுக்குச் சென்றுவிட, கிராமத்தில் காத்திருக்கும் பெற்றோர் அங்கும் உள்ளனர். 1963 முதல் 1977 வரை சுமார் 8,000 கொரியச் சுரங்கத் தொழிலாளர்களும், 10,000-க்கும் மேற்பட்ட செவிலியரும் மேற்கு ஜெர்மனிக்குப் பிழைப்புத் தேடிச் சென்றனர். அன்று பிள்ளைகளை வழியனுப்பிய நாடு, இன்று நம் பிள்ளைகளை வரவேற்கும் நாடாக உயர்ந்திருக்கிறது.

சிறு செயல்களில் பெரிய பயிற்சி

நல்ல விருந்தினராக இருப்பது ஒரு சாதனை. அது சிறு செயல்களில் தொடங்குகிறது.

புறப்படுமுன்: வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளை மருத்துவரின் சீட்டுடன் எடுத்துச் செல்ல வேண்டும். தூக்க மாத்திரை போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. முன்னதாகவே விசாரித்துக்கொள்வது நல்லது. குறுகிய காலம் தங்குவோருக்கு அந்நாட்டின் பொது மருத்துவக் காப்பீடு கிடைக்காது. ஆகவே பயணக் காப்பீடு இன்றியமையாதது. பிள்ளைக்குப் பிடித்ததென்று மாம்பழத்தையோ, விதைகளையோ, செடியையோ பெட்டியில் மறைத்து எடுத்துச் செல்வது குற்றமாகும். ஜனவரியில் சியோல் நகரில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரிவரை இறங்குவதுண்டு. வீட்டினுள்ளே தரைக்கு அடியிலிருந்து வெப்பம் பரவும் 'ஒந்தோல்' அமைப்பு இருப்பதால் துன்பமில்லை. வெளியே செல்லும்போதே கவனம் வேண்டும். இளவேனிலோ இலையுதிர் காலமோ முதியோருக்கு ஏற்றது.

அங்கே சென்றபின்: காலணியை வாசலிலேயே கழற்றும் வழக்கம் நமக்குப் புதிதன்று. அடுக்குமாடி வீடுகளில் மேல்தளத்து ஓசை கீழ்த்தளத்தாரைத் துன்புறுத்துவது அங்கே பெரும் பூசலுக்குக் காரணமாகிறது. விடியற்காலையில் மிக்ஸியை ஓட்டுவதும், தரையில் வைத்துத் தேங்காய் உடைப்பதும் கூடாது. உணவுக் கழிவைத் தனியே பிரித்துப் போட வேண்டும். ஆனால் தேங்காய் ஓடு உணவுக் கழிவில் சேராது. இவற்றைப் பிள்ளையிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளும் தாய், அவனுக்கு எவ்வளவு பெரிய உதவி செய்கிறார்! கற்பித்தவர் கற்பவராக அமர்வது எளிதன்று. முதுமையில் அகந்தை கரைய அதைவிடச் சிறந்த வழியும் இல்லை.

சைவ உணவினர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'கிம்ச்சி' என்ற காய்கறி ஊறுகாயில் பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேர்க்கப்படுகிறது. பௌத்த மடாலயங்களின் உணவில் இறைச்சியும் மீனும் இல்லை. வெங்காயம், பூண்டு போன்றவையும் தவிர்க்கப்படுகின்றன. அவசர மருத்துவ உதவிக்கு 119 என்ற எண்ணை நினைவில் கொள்ள வேண்டும்.

பகலெல்லாம் தனித்திருக்கும் பொழுதைச் சுமையாகக் கருதலாகாது. ஊரில் 'நேரமில்லை' என்று தள்ளிவைத்த ஜபமும் தியானமும் நூல் பயிற்சியும் செய்வதற்கு அதைவிட அமைதியான சூழல் எங்கே கிடைக்கும்? மாலையில் திரும்பும் பிள்ளை, ஏங்கிச் சோர்ந்த முகத்தைக் காணாமல், நிறைந்த முகத்தைக் காண வேண்டும். அவன் சுமந்துவரும் களைப்பு அந்த முகத்தின் முன் இறங்கும். தாய் பகலில் என்ன வேலை செய்து முடித்தார் என்பது அவனுக்குப் பொருட்டன்று. அவர் நிம்மதியாக இருக்கிறார் என்பதே அவனுக்குப் பலம்.

விடைபெறும் வேளை

தொண்ணூறு நாட்கள் போதாது என்று வருந்துவோர் அந்த மண்ணின் ஒரு துயரத்தை அறிய வேண்டும். 1950-இல் மூண்ட போர் கொரியக் குடும்பங்களைச் சிதறடித்தது. 1983-இல் கே.பி.எஸ். தொலைக்காட்சி, பிரிந்த உறவினரைத் தேடும் நேரடி ஒளிபரப்பு ஒன்றைத் தொடங்கியது. 138 நாட்களில் 453 மணி நேரத்துக்கும் மேலாக அது நீண்டது; 10,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒன்றுகூடின. அதன் பதிவுகள் 2015-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. எல்லைக்கு வடக்கே சிக்கியோரை அந்த ஒளிபரப்பும் எட்டவில்லை. 2018 ஆகஸ்டில் வட, தென் கொரிய உறவினர் கும்காங் மலையில் சந்தித்தபோது, தொண்ணூறு வயதைக் கடந்த ஒரு தாய், நான்கு வயதில் பிரிந்த மகனை எழுபத்தொரு வயது முதியவராகக் கண்டார். மூன்று நாட்களில் ஏறத்தாழ 12 மணி நேரமே அவர்கள் சேர்ந்திருக்க முடிந்தது. பிறகு மீண்டும் பிரிவு.

நமக்கோ விமானம் இருக்கிறது, தொலைபேசி இருக்கிறது. இந்தியாவில் மாலை ஆறு மணியாகும்போது அங்கே இரவு ஒன்பதரை. பிள்ளை உணவருந்தி ஓயும் வேளையில் முகம் பார்த்துப் பேச முடிகிறது. இந்த நற்பேற்றை உணர்ந்தால் விடைபெறும்போது கண்ணீர் வரலாம்; குறை வராது.

விமான நிலையத்தில் பெற்றோர் கடைசியாகச் சொல்லும் சொற்கள் பல மாதங்கள் பிள்ளையின் உள்ளத்தில் ஒலிக்கும். 'எங்களை விட்டுவிட்டு இங்கே இருக்கிறாயே' என்பது நங்கூரம். 'நீ எங்கிருந்தாலும் நன்றாக இரு. நான் அங்கே நன்றாக இருக்கிறேன்' என்பது அடிப்பாரம். இரண்டாவதைச் சொன்னால் மட்டும் போதாது. அது உண்மையாகவும் இருக்க வேண்டும். அதற்காகவே ஊரில் நமக்கென ஒரு வழிபாடு, ஒரு தொண்டு, ஒரு நட்பு வட்டம் ஆகியவற்றை வளர்த்துக்கொள்கிறோம்.

பிள்ளைகளுக்கும் ஒரு கடமை உண்டு. பெற்றோரை ஊர் சுற்றிக் காட்டுவதோடு அது முடிவதில்லை. பணிபுரியும் இடத்துக்கு ஒருநாள் அழைத்துச் சென்று, உடன் பணிபுரிவோரிடம் 'இவர் என் அம்மா' என்று அறிமுகப்படுத்துங்கள். ஒரு நாள் உணவையாவது அவர்கள் விருப்பப்படி சமைக்கச் சொல்லி, பசியோடு உண்ணுங்கள். 'இதை எப்படிச் செய்வது, அப்பா?' என்று ஒரு யோசனை கேளுங்கள். கேட்கப்படாத அந்தப் பழைய கேள்விக்கு அவையே விடையாகும்.

பயணம் மேற்கொள்ளவிருக்கும் பெற்றோர், பெட்டியைக் கட்டுமுன் சிறிது நேரம் அமைதியாக அமர்ந்து இவற்றைத் தம்மையே கேட்டுக்கொள்ளலாம். நான் பிள்ளையைக் காணச் செல்கிறேனா, பிள்ளை என்னைக் கவனிப்பதைக் காணச் செல்கிறேனா? அவன் தேர்ந்தெடுத்த வாழ்க்கையை ஒரு மாணவனைப்போல் கற்றுக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறேனா? நான் திரும்பிய மறுநாள் அந்த வீட்டில் என்ன எஞ்சியிருக்கும், நிம்மதியா, குற்ற உணர்வா? இக்கேள்விகளுக்கு நேர்மையாக விடை தேடுபவரின் பயணம், விமானம் ஏறுமுன்னரே தொடங்கிவிடுகிறது.