அப்பீலும் சரிவராத பிறகு

தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வந்துவிட்டால் திருகோணமலையில் சந்தையிலும் கோயில் வாசலிலும் பஸ் தரிப்பிலும் ஒரே கேள்விதான்: "பிள்ளைக்கு எத்தனை?" கொஞ்சக் காலத்தில் அது, "என்ன மாதிரி, அப்பீல் சரிவந்ததோ?" என்று மாறும். எங்கள் மகளுக்குச் சரிவரவில்லை. மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டியிருந்தாள். ஆனால் நாங்கள் கேட்ட நகரப் பாடசாலையின் வெட்டுப்புள்ளிக்கு ஐந்து புள்ளி குறைவு. மேன்முறையீடு செய்தோம், வெற்றிடம் இல்லை என்று பதில் வந்தது. அந்த நாட்களில் எங்களுக்குக் கைகொடுத்தவற்றை, இதே நிலையில் நிற்கிற பெற்றோருக்காக எழுதுகிறேன்.

பதில் வந்த அன்றே பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் அறைக்குள் குசுகுசுப்பதைப் பத்து வயதுப் பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும். மாமா, சித்தி எல்லாம் கூடியிருக்கும் நேரத்தில் வேண்டாம். தாயும் தகப்பனும் மட்டும் இருக்கும்போது சொல்லுங்கள். எங்கள் மகள் கேட்ட முதல் கேள்வி, "அப்ப நான் பாஸோ, பெயிலோ அம்மா?"

இந்தக் குழப்பம் பெரியவர்களிடமே இருக்கிறது. உதவிப்பணத்துக்கான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப மாறும். தரம் 6 அனுமதிக்கு ஒவ்வொரு பாடசாலைக்கும் வேறொரு வெட்டுப்புள்ளி உண்டு. அது அங்கே எத்தனை இடம் இருக்கிறது, எத்தனை புள்ளி எடுத்த பிள்ளைகள் அதைக் கேட்டார்கள் என்பதில்தான் தங்கியிருக்கிறது. மேன்முறையீடு என்பது, தெரிவான பிள்ளைகள் வராமல் விடுகிற இடங்களுக்கான போட்டி. இடம் மிஞ்சாவிட்டால் எவ்வளவு நல்ல கடிதமும் உதவாது. ஒரு தாளில் கட்டங்கள் கீறி, ஒவ்வொன்றாக நிரப்பி, கட்டம் முடிந்த இடத்தில் நிறுத்திக் காட்டினோம். "நீ பாஸ் பிள்ளை. அங்க இடம் முடிஞ்சுது." அவள் அழுதாள். அழவிட்டோம். ஆனால் தன்னைப் பெயில் என்று அதன்பிறகு சொல்லவில்லை.

200 புள்ளியில் ஐந்து புள்ளி ஒரு பிள்ளையின் அறிவை அளக்காது. சிங்கப்பூரிலும் ஆரம்பப் பாடசாலை முடிவில் இப்படியொரு பரீட்சை உண்டு. ஒன்றிரண்டு புள்ளிக்குப் பிள்ளைகளைப் பிரிப்பது சரியில்லை என்று 2021இல் அங்கே புள்ளிமுறையையே மாற்றி, அகலமான தரநிலைகளாக ஆக்கினார்கள். கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில், 1940களில், கிராமத்து ஏழைப் பிள்ளைகளை மத்திய கல்லூரிகளுக்குக் கொண்டுவரத்தான் நம்முடைய புலமைப்பரிசில் வந்தது. இன்று வகுப்பு முழுவதும் அதற்காகவே மூன்றாம் ஆண்டிலிருந்து ரியூஷனுக்கு ஓடுகிறது. பத்து வயது இதற்கு மிகவும் சின்ன வயது என்பது என் உறுதியான எண்ணம்.

இனி, வேறு வழி ஏதும் மிச்சம் இருக்கிறதா என்ற கேள்வி. விடைத்தாள் மீள்பரிசீலனை வேறு, பாடசாலை மேன்முறையீடு வேறு. முதலாவது பரீட்சைத் திணைக்களத்துக்கு உரியது. அதற்குரிய திகதிக்குள் செய்ய வேண்டும். தேசியப் பாடசாலைக்கான மேன்முறையீடு பத்தரமுல்லை இசுருபாயவிலுள்ள கல்வி அமைச்சுக்குப் போகிறது. உங்கள் பிள்ளையைவிடக் குறைந்த புள்ளி எடுத்த பிள்ளை உள்ளே போயிருக்கிறது என்று உண்மையான சந்தேகம் இருந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எத்தனை வெற்றிடம் இருந்தது, கடைசியாக எடுக்கப்பட்ட பிள்ளையின் புள்ளி என்ன என்று எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அடிப்படை உரிமை வழக்குத்தான் என்றால், உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். சட்டத்தரணியைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

"எனக்கு ஆளைத் தெரியும், கொஞ்சம் செலவாகும்" என்று ஒருவர் வருவார். கட்டாயம் வருவார். பாடசாலை அனுமதிக்கு இலஞ்சம் வாங்கிக் கைதான அதிபர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எத்தனையோ தடவை படித்திருக்கிறோம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954. பணம் போவது ஒரு பக்கம். தன் இடம் காசு கொடுத்து வாங்கியது என்று தெரிந்த பிள்ளை அந்த வகுப்பில் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

இதைவிட முக்கியமானது, கிடைத்த பாடசாலையை எப்படிப் பேசுகிறோம் என்பது. "இப்போதைக்கு இங்க போ, பிறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டால், மூதூர்ப் படகுக்கு இறங்குதுறையில் நிற்கிற ஆள் மாதிரிப் பிள்ளை அந்த வகுப்பில் நிற்கும். புத்தகப்பையைக்கூட முழுதாகத் திறக்காது. நாங்கள் முதல் கிழமையே வகுப்பாசிரியரைப் போய்ச் சந்தித்தோம். நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். "விடுங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார்; பார்த்துக்கொண்டார். நூலகம் எந்த நாட்களில் திறந்திருக்கும், பான்ட் வாத்தியக் குழுவில் சேரலாமா, வலைப்பந்து யார் பழக்குகிறார் என்றெல்லாம் கேட்டு வைத்தோம். தரம் 6இல் விஞ்ஞானம், வரலாறு, புவியியல் என்று பாடங்கள் தனித்தனியாகப் பிரியும். எல்லாப் பிள்ளைக்கும் புதிதாகத் தொடங்கும் இடம் அது. நடனமா, சங்கீதமா, சித்திரமா என்று அழகியல் பாடத்தை அவளே தெரிவு செய்யட்டும் என்று விட்டோம். சித்திரம் எடுத்தாள்.

அந்தத் தவணை ரியூஷனை முழுதாக நிறுத்தினோம். கடந்தகால வினாத்தாள் கட்டைத் தேவைப்பட்ட அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தோம். நாங்கள் இருப்பது உப்புவெளிப் பக்கம். நகரத்துக்குப் பஸ்ஸில் போய்வந்திருந்தால் போயிருக்கும் நேரம் அவளுக்கு மிச்சமானது. பின்னேரங்களில் கடற்கரைக்குப் போனாள்.

உறவினருக்கு ஒரே பதிலை வீட்டில் எல்லாரும் வைத்திருந்தோம்: "இடம் இல்லையாம், இவ இங்கதான் படிக்கிறா." அதற்குமேல் விளக்கம் இல்லை. "பாவம் பிள்ளை" என்று தொடங்கிய அம்மம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, மகளுக்கு முன்னால் அப்படிச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். அம்மம்மா உடனே விளங்கிக்கொண்டார். கேட்ட பாடசாலைக்கே போன அவளுடைய சிநேகிதியை மட்டும் விலக்கவில்லை. சீருடையைப் பார்த்தால் மனம் நோகும் என்று பயந்தோம். முதல் இரண்டு மூன்று தடவை நொந்ததுதான். பிறகு இரண்டு பேரும் இரண்டு பாடசாலைக் கதையும் பேசத் தொடங்கினார்கள்.

தகப்பன்மாருக்கு ஒரு கணக்கு. பெரும்பாலான பல்கலைக்கழகப் பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. திருகோணமலை அந்த 16இல் ஒன்று. அங்கே பார்ப்பது உயர்தர இசட் புள்ளியையும் மாவட்டத்தையும்தான். தரம் 6இல் எந்த வாசலால் நுழைந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. சாதாரண தரப் பெறுபேற்றோடு தரம் 12க்கு வேறு பாடசாலைக்கு விண்ணப்பிக்கவும் முடியும். விஞ்ஞானப் பிரிவு இல்லாத பாடசாலை என்றால் இதை நினைவில் வைத்திருங்கள். ஆனால் பிள்ளையிடம் இப்போதே சொல்ல வேண்டாம். அதற்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது.