தெரிந்துகொள்வோம்: வேலை பழகுபவருக்கு என்ன கூலி?

"இப்பத்தானே வேலை கத்துக்கிற, பாதிக் கூலி போதும்" என்ற பேச்சை நம்மில் பலர் கேட்டிருப்போம். அமெரிக்காவில் அரசுக் கட்டுமான வேலைகளில் அப்படிச் சும்மா சொல்லிவிட முடியாது.

அங்கே 1931-ல் டேவிஸ்-பேகன் சட்டம் வந்தது. மத்திய அரசின் 2,000 டாலருக்கு மேற்பட்ட கட்டுமான ஒப்பந்தங்களில், அந்தப் பகுதியில் நடப்பிலுள்ள கூலிக்குக் குறையாமல் தர வேண்டும். தொழில் பழகுநருக்குக் குறைத்துத் தரலாம். ஆனால் நிபந்தனை உண்டு:

1. அரசிடம் பதிவான பயிற்சித் திட்டத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும்.

2. தேர்ந்த தொழிலாளியின் கூலியில் இத்தனை சதவீதம் என்று திட்டத்திலேயே எழுதியிருக்கும். வேலை பழகப் பழகக் கூலியும் கூடும்.

3. தேர்ந்தவர் இத்தனை பேருக்குப் பழகுநர் இத்தனை பேர் என்ற கணக்கு உண்டு.

பெயர் பதியாதவருக்கும், கணக்குக்கு மேல் வைத்தவருக்கும், செய்த வேலைக்குரிய முழுக் கூலி தரணும். ஒப்பந்ததாரர் வாராவாரம் கூலிப் பட்டியலில் கையெழுத்திட்டு ஒப்படைக்கணும்.

ஆக, 'பழகுநர்' என்பது வெறும் வாய்ச்சொல் அல்ல. பதிவேட்டில் உள்ள பெயர்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்: நாம எத்தனை வருஷமா சித்தாளாவே இருக்கோம்? கொத்து வேலையை நமக்கு யாராவது கத்துக்கொடுத்தாங்களா?