குதிரைதானே நடக்கிறது?

கேள்வி: டாக்டர், நாங்கள் டெக்சாஸில், டாலஸ் பக்கம் இருக்கிறோம். சாரணர் இயக்கத்தில் இருக்கும் என் மகனுக்கு 15 வயது. வருகிற ஜூலையில் நியூ மெக்சிகோவின் ஃபில்மான்ட் சாரணர் பண்ணையில் ‘கேவல்கேட்’ என்ற குதிரைப் பயணம் போகிறான். எட்டு நாள், மலைக்காட்டில். “குதிரைதானே நடக்கிறது, இவன் சும்மா உட்கார்ந்து வரப்போகிறான், இதற்கு என்ன பயிற்சி?” என்கிறார் அவன் அப்பா. பையன் நன்றாகக் கால்பந்து ஆடுவான். எடை 184 பவுண்டு. 200-ஐத் தாண்டினால் குதிரை ஏற விடமாட்டார்களாம். சின்ன வயதில் வீசிங் இருந்தது. இப்போதும் எப்போதாவது இன்ஹேலர் தேவைப்படும். எப்படித் தயார்படுத்துவது?

பதில்: சும்மா உட்கார்ந்து வருகிறவன்தான் குதிரைக்குப் பெரிய பாரம், அம்மா. நடக்கிற குதிரையின் முதுகு அடிக்கு அடி மேலும் கீழும், இடமும் வலமும் அசையும். அந்த அசைவை உங்கள் மகனின் இடுப்பும் அடிவயிறும் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்தில் அவை களைத்துப்போனால், தன்னையறியாமல் ஒருக்களித்து உட்காருவான். சேணம் அந்தப் பக்கமே அழுத்தும். நாள் முழுக்க அழுத்தினால் குதிரையின் முதுகு புண்ணாகிவிடும். 200 பவுண்டு வரம்பும் அந்த முதுகை நினைத்து வைத்ததுதான். ஆகவே பயிற்சியில் பாதி குதிரைக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கால்பந்து மூச்சுக்கு நல்லது. ஆனால் கால்பந்து ஆடும் பையன்களுக்குத் தொடையின் உட்பக்கத் தசை பெரும்பாலும் இறுகிக் கிடக்கும். சேணத்தில் அதே தசை மணிக்கணக்கில் விரிந்து நிற்க வேண்டும். தினமும் பத்த கோணாசனம் (உள்ளங்கால்களைச் சேர்த்து, முழங்கால்களை இருபக்கமும் விரித்து உட்காருவது) செய்யட்டும். அவசரப்பட்டு முழங்காலைக் கீழே அழுத்த வேண்டாம். அடிவயிற்றுக்கு பிளாங்க் போதும். இன்னொன்று: மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி, குதிகாலை மெல்லக் கீழே இறக்கி நிற்கச் சொல்லுங்கள். அங்கவடியில் கால் இருக்க வேண்டிய நிலை இதுதான். ஒரு நிமிடத்திலேயே ஆடுசதை சுளீர் என்று பேசும்.

யாரும் யோசிக்காத வேலை சேணம் தூக்குவது. கேவல்கேடில் அவரவர் குதிரையை அவரவர்தான் தேய்த்து, சேணம் பூட்ட வேண்டும். அமெரிக்க கௌபாய் சேணம் 30, 40 பவுண்டு இருக்கும்; குதிரையின் முதுகோ ஏறக்குறைய 5 அடி உயரம். தூக்குவதைவிட, அதைத் தொப்பென்று போடாமல் மெத்தென்று இறக்குவதுதான் கஷ்டம். தொப்பென்று விழுந்தால் குதிரை மிரளும். வீட்டில் 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை இருக்குமே, அதைத் தரையிலிருந்து எடுத்துத் தோள் உயர அலமாரியில் சத்தமில்லாமல் வைத்துப் பழகட்டும். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். குதிரை ஏறுவதற்கு, முழங்கால் உயரப் பெஞ்சில் ஒற்றைக் காலால் ஏறி இறங்குவது நல்ல பயிற்சி. வழக்கமாக இடப்பக்கம் ஏறுவார்கள் என்றாலும் இரண்டு காலையும் பழக்குங்கள்.

இதெல்லாம் துணைக்குத்தான். சேணத்தில் உட்காராமல் சேணம் பழகாது. பக்கத்தில் உள்ள குதிரை லாயத்தில் வாரம் ஒருமுறை சேர்த்துவிடுங்கள். வட்டத்துக்குள் சுற்றுவதோடு விடாமல், இரண்டு மணி நேரமாவது வெளியே பாதையில் போய்வரட்டும். புறப்படுவதற்கு முன், ஒரு சனிக்கிழமை ஏறியவன் ஞாயிறு காலையும் ஏற வேண்டும். முதல் நாள் எல்லாருக்கும் உற்சாகம்தான். தொடை கனக்கும் மறுநாள் காலையில்தான் உண்மையான பரீட்சை. எந்த ஜீன்ஸின் உள்தையல் உரசுகிறது, எந்த பூட்ஸ் கடிக்கிறது என்பதும் அன்று தெரிந்துவிடும். பூட்ஸுக்குச் சின்னதாக ஹீல் வேண்டும். அப்போதுதான் பாதம் அங்கவடிக்குள் வழுக்கிப் போய் மாட்டிக்கொள்ளாது. செங்குத்தான சரிவில் இறங்கிக் குதிரையை நடத்திப் போக வேண்டியும் வரலாம் என்பதால், அதே பூட்ஸில் நடந்தும் பழகட்டும்.

எடை 184 என்பதில் கவலைக்கு ஒன்றுமில்லை. வளர்கிற பையனை இரவுச் சாப்பாட்டை நிறுத்தி இளைக்க வைக்காதீர்கள். சோடாவைக் குறையுங்கள், மாதம் ஒருமுறை எடை பாருங்கள், அவ்வளவுதான்.

டாலஸில் பழக முடியாத ஒன்று உயரம். உங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து சில நூறு அடிதான். ஃபில்மான்டின் அடிவார முகாமே சுமார் 6,700 அடி. அதற்கு மேலே மலை. ஓரிரு நாள் முன்னதாகவே அந்தப் பக்கம் போய்த் தங்க முடிந்தால் நல்லது. காற்று வறண்டது, வேர்ப்பது தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும். தலைவலியோ குமட்டலோ வந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்ல வேண்டும். இந்த வயதுப் பையன்கள் நண்பர்கள் முன்னால் சொல்லமாட்டார்கள். இப்போதே சொல்லி வையுங்கள்.

வீசிங்கை மருத்துவப் படிவத்தில் மறைக்காதீர்கள். வைக்கோல் தூசியும் குதிரை முடியும் சிலருக்கு இழுப்பைக் கிளப்பும். லாயத்துக்குப் போகும் முதல் நாட்களிலேயே அது தெரிந்துவிட்டால், உங்கள் டாக்டர் மருந்தை மாற்றிப் பார்க்க இன்னும் மாதங்கள் இருக்கின்றன. இன்ஹேலர் அவன் சட்டைப்பையில் இருக்க வேண்டும், மூட்டையில் அல்ல. மூட்டை வேறு விலங்கின் முதுகில் எங்கோ பின்னால் வந்துகொண்டிருக்கும். இன்னொரு இன்ஹேலரை உடன் போகும் பெரியவரிடம் கொடுத்து, எப்போது, எத்தனை முறை என்று எழுதியும் கொடுத்துவிடுங்கள்.