கத்திரி வெயிலுக்கு முன்: பழைய காருக்கு எந்த எஞ்சின் ஆயில்?

பருவகால ஆலோசனை
யாருக்கு: விழுப்புரம், திண்டிவனம், விக்கிரவாண்டி, செஞ்சி, மயிலம் வட்டாரத்தில் பத்து ஆண்டுக்கு மேல் ஓடிய கார் வைத்திருப்பவர்களுக்கு
காலம்: பங்குனிக் கடைசி முதல் வைகாசி முடிய

சுருக்கமாக

1. வண்டியோடு வந்த கையேட்டை எடுங்கள். நம் ஊர் வெப்பத்துக்கு அதில் போட்டிருக்கும் கிரேடுதான் முதல் தேர்வு.
2. வெயில் ஏறுகிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கெட்டி ஆயிலுக்கு மாறாதீர்கள்.
3. எஞ்சின் தேய்ந்ததற்கு அடையாளம் தெரிந்தால் மட்டும் கடைசி எண்ணில் ஒரே ஒரு படி ஏறுங்கள்: 30 என்றால் 40, 40 என்றால் 50.
4. ஆயில் மாற்றும் நாளிலேயே கூலன்ட், ரேடியேட்டர், ஃபேன் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

‘வெயில் காலம், 20-50 போட்டுடலாம்’

மார்ச் பிறந்துவிட்டால் ஜி.எஸ்.டி. சாலையோரப் பட்டறைகளில் இந்த யோசனை அடிக்கடி காதில் விழும். அம்பாசிடருக்கு அது நல்ல யோசனைதான். அதே கேனை ஆல்டோவுக்கும் ஸ்விஃப்டுக்கும் திறக்கும்போதுதான் கெடுதல் தொடங்குகிறது.

ஓடும் எஞ்சினுக்குள் ஆயில் சாதாரணமாக 90 முதல் 110 டிகிரி சூட்டில் வேலை செய்கிறது. தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் ஒழுங்காக இருந்தால், வெளியே 30 டிகிரி அடித்தாலும் 40 அடித்தாலும் இந்தச் சூடு பெரிதாக மாறாது. கையேட்டில் கிரேடை எழுதியவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள். ரேடியேட்டர் அடைத்துக்கொண்டு வண்டி ஹீட் ஆகிறது என்றால், எவ்வளவு கெட்டி ஆயிலும் அதைக் காப்பாற்றாது.

தேய்மானத்தில் கணிசமான பங்கு காலையில் ஸ்டார்ட் செய்து எஞ்சின் சூடேறும் நேரத்தில் நடக்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆயில் சம்ப்புக்கு இறங்கிவிடும். சாவியைத் திருப்பியதும் பம்ப் அதை மேலே தள்ளி, கேம் ஷாஃப்ட் வரை கொண்டுபோக வேண்டும். விளக்கெண்ணெயையும் கடலை எண்ணெயையும் ஒரே புனலில் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு, எது முதலில் இறங்கும் என்று தெரியும். எஞ்சின் ஆறியிருக்கும்போது 20டபிள்யூ-50 ஆயில், 5டபிள்யூ-30 ஆயிலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி. நுண்ணிய ஆயில் வழிகள் கொண்ட புது வடிவ எஞ்சினில் அது மேலே போய்ச் சேரத் தாமதமாகும். பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

கேன் மேல் இருக்கும் எண்கள்

15டபிள்யூ-40 என்று இருந்தால், முன்னால் இருக்கும் 15 குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கான அளவு. 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். மார்கழி விடியலில்கூட உறைநிலைக்குப் பக்கத்தில் போகாத ஊர் நம்முடையது. குளிரில் ஸ்டார்ட் ஆகுமா என்ற கவலையால் முன் எண்ணைத் தேட வேண்டியதில்லை.

நாம் பார்க்க வேண்டியது பின்னால் வரும் எண். அது 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதைச் சொல்கிறது. எஸ்.ஏ.இ. அளவுப்படி 30 கிரேடு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை. 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரை, 50 கிரேடு 16.3 முதல் 21.9 வரை. 30-லிருந்து நேரே 50-க்குத் தாவினால் கெட்டித்தன்மை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும் என்பது இதிலேயே தெரியும்.

அதன் அருகிலேயே ஏ.பி.ஐ. தரம் அச்சிட்டிருக்கும். ‘எஸ்’ என்று தொடங்குவது பெட்ரோலுக்கு, ‘சி’ என்று தொடங்குவது டீசலுக்கு. இரண்டும் சேர்ந்தே இருக்கும் கேன்களும் உண்டு. கிரேடு சரியாக இருந்து இந்தத் தரம் மாறிப்போனாலும் பயனில்லை.

உங்கள் வண்டி எது?

*அம்பாசிடர் (பழைய 1489 சி.சி. பெட்ரோல்), பிரீமியர் பத்மினி:* 20டபிள்யூ-50 அல்லது 20டபிள்யூ-40. இவை 1950-களின் வடிவமைப்பில் வந்த எஞ்சின்கள், இடைவெளிகள் அகலமானவை. கேமும் டேப்பெட்டும் நேரடியாக உரசுவதால் துத்தநாக–பாஸ்பரஸ் கலவை போதுமான அளவு இருக்கும் ஆயில் தேவை. இன்றைய மெல்லிய 30 கிரேடு ஆயில்களில் அந்தக் கலவைக்குக் கட்டுப்பாடு உண்டு. புதியது, விலை கூடியது என்று சொல்லி 5டபிள்யூ-30 கொடுத்தால் வாங்காதீர்கள்.

*மாருதி 800, ஆம்னி, ஜென், எஸ்டீம், முதல் தலைமுறை சான்ட்ரோ:* கையேட்டில் வெப்பநிலை அட்டவணை இருக்கும். 40 டிகிரி வரை நீளும் பட்டைகளைப் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினுக்கு அவற்றில் மெல்லியதும், தேய்ந்த எஞ்சினுக்கு அவற்றில் கெட்டியானதும் பொருந்தும். மாருதி 800 உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. கையேடு தொலைந்திருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மாடலும் ஆண்டும் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

*2008-க்குப் பின் வந்த மாருதி கே-சீரிஸ், ஹூண்டாய் கப்பா போன்ற எஞ்சின்கள்:* கையேட்டில் உள்ள மெல்லிய கிரேடை விட்டு விலகாதீர்கள். இவற்றில் 20டபிள்யூ-50 வேண்டாம்.

*இண்டிகா, சுமோ, பொலீரோ போன்ற பழைய டீசல்கள்:* பெரும்பாலானவற்றுக்கு 15டபிள்யூ-40, டீசல் தரத்தில். டீசல் ஆயில் சில நாளிலேயே கறுத்துவிடும். புகைக்கரியைத் தன்னுள் இழுத்துக்கொள்வது அதன் வேலை. அந்தக் கறுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

*கேஸ் கிட் மாட்டியவை:* கேஸில் ஓடும் வண்டியில் ஆயில் நெடுநாள் தெளிவாகவே தெரியும். நிறத்தை நம்பாமல் கிலோமீட்டரை வைத்து மாற்றுங்கள்.

ஒரு படி ஏற வேண்டிய நேரம்

சம தரையில் வண்டியை நிறுத்தி, விடியற்காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் கம்பியை எடுங்கள். துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி, எடுத்துப் பாருங்கள். மேல் கோடு வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1,000 கி.மீ. ஓடிய பின் மறுபடி மேல் கோட்டுக்குக் கொண்டுவர எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். அரை லிட்டருக்கு மேல் போனால் கவனிக்க வேண்டிய நிலை.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு முறை நீலப் புகை கக்கிவிட்டு நின்றால், வால்வ் சீலைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கலாம். தரையில் சொட்டு விழுந்தால் அது லீக். கெட்டி ஆயிலால் அடைக்காமல் கேஸ்கெட்டையோ சீலையோ மாற்றுங்கள். லீக் இல்லாமல் ஆயில் குறைகிறது, எஞ்சின் சூடானதும் டேப்பெட் சத்தம் கூடுகிறது என்றால், கடைசி எண்ணில் ஒரு படி ஏறிப் பார்க்கலாம். ரிங்கு வேலை செய்யப் பணம் சேரும்வரை அது கைகொடுக்கும். தேய்ந்த எஞ்சினை அது சரிசெய்துவிடாது.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையில் ஐடிலிங்கில் நிற்கும்போது சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கினால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் மினுக்கினால் பட்டறையில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். கம்பியிலோ ஆயில் மூடியிலோ பாலாடை போல வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கும்வரை ஓட்டாதீர்கள்.

செய்யக் கூடாதவை

- லூஸ் ஆயில் வாங்காதீர்கள். சீல் உடையாத கேனை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். காலி கேனைக் கத்தியால் கிழித்துவிட்டு வாருங்கள். அதில் போலி ஆயில் நிரப்ப முடியாது.
- நெடுநாள் ஆயில் மாற்றாத எஞ்சினுக்கு ஃப்ளஷ் போடாதீர்கள். பெயர்ந்து வரும் கசடு சம்ப்பில் உள்ள வலையை அடைத்துவிடும். 1,500 கி.மீ.க்கு ஒருமுறை என இரண்டு தடவை நல்ல ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் மெல்லச் சுத்தமாகும்.
- மேல் கோட்டைத் தாண்டி நிரப்பாதீர்கள். ஆயில் நுரைத்துப் பிரஷர் விழும்.
- கழிவு ஆயிலை ஏரி வாய்க்காலிலோ மண்ணிலோ கொட்டவும் எரிக்கவும் வேண்டாம். 2016 விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பட்டறையில் கொடுங்கள்.

எப்போது எதை?

*இந்த வாரம்:* கையேட்டைத் தேடுங்கள். ஆயில் கம்பியைப் பார்த்து, கிலோமீட்டரைக் குறியுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட் பாருங்கள். வெறும் தண்ணீர் இருந்தால் கூலன்ட் கலவைக்கு மாறுங்கள்.

*மே 4-க்கு முன்:* சாதாரண மினரல் ஆயில் ஊற்றி 5,000 கி.மீ. அல்லது ஆறு மாதம் ஆகியிருந்தால் ஆயிலும் ஃபில்டரும் சேர்த்து மாற்றுங்கள். ஃபில்டரை மட்டும் விட்டுவைக்காதீர்கள். எஃப்.சி.க்குப் போகும் டி.என். 16, டி.என். 32 வண்டிக்காரர்களும் புகைச் சோதனைக்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

*கத்திரி நாட்களில்:* வாரம் ஒருமுறை ஆயில், கூலன்ட் பாருங்கள். சித்ரா பௌர்ணமிக்குத் திண்டிவனம்–செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகிறவர்கள் புறப்படும் காலையிலேயே பார்த்துவிடுங்கள். முண்டியம்பாக்கம் பக்கம் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது டெம்பரேச்சர் முள் ஏறினால், ஏ.சி.யை அணைத்து நிழலில் நிறுத்துங்கள். டர்போ டீசல் வண்டியை வேகமாக ஓட்டி வந்து நிறுத்தினால் ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணையுங்கள்.

ஆயில் மாற்றியதும் தேதி, கிலோமீட்டர், கிரேடு மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள். அவசரத்துக்கு வழியில் எந்தப் பட்டறையில் நிறுத்த நேர்ந்தாலும், எதை ஊற்ற வேண்டும் என்பதை அந்தச் சீட்டைக் காட்டி நீங்களே சொல்லிவிடலாம்.