துப்பாக்கியோடு படியேறும் முன்

1909 பிப்ரவரி 10. பிறவியிலேயே ஊனமான வலக்கையில் ரிவால்வரைக் கட்டி, மேலே சால்வை போர்த்தி, கொல்கத்தாவின் அலிப்பூர் நீதிமன்ற வளாகத்துக்குள் வந்தார் புரட்சியாளர் சாரு சந்திர போஸ். அரசு வழக்கறிஞர் ஆசுதோஷ் பிஸ்வாஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். 1931 ஜூலை 27 அன்று அதே அலிப்பூரில் நீதிபதி கார்லிக், நீதிமன்ற அறையிலேயே சுடப்பட்டு இறந்தார். விடுதலைப் போரின் கணக்கு வேறு, அதை இங்கே கூட்டிக் கழிக்கப் போவதில்லை. இது இன்றைய அலிப்பூரில் லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு.

செய்ய வேண்டியவை

* போகுமிடத்தில் முதலில் கேளுங்கள். லைசென்ஸ் கொடுத்தது அரசு. ஓட்டலும் ஆஸ்பத்திரியும் இன்னொருவர் பொறுப்பில் இருப்பவை. யாரும் வரலாம் என்று கதவைத் திறந்து வைத்தவர், துப்பாக்கிக்கும் சேர்த்துத் தலையாட்டிவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் 2023இல் இதையே சட்டமாக்கியது: கடைக்காரர் வெளிப்படையாகச் சரி என்றால்தான் உள்ளே கொண்டுபோகலாம் என்று. அந்தச் சட்டத்தின் மீதான வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. கேட்பதற்கு நமக்குச் சட்டம் வர வேண்டுமா என்ன?
* கைத்துப்பாக்கி உறைக்குள், உடலோடு இருக்கட்டும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் சொல்வது இது.
* மண்டபம் வைத்திருப்பவர்களே, துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்று முன்பதிவுச் சீட்டிலேயே ஒரு வரி அச்சடித்துவிடுங்கள். முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளையின் மாமாவிடம் போய் இதைச் சொல்ல யாராலும் முடியாது.

செய்யக்கூடாதவை

* திருவிழா, சாமி ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிறுவன வளாகம்: தனி அனுமதி இல்லாமல் எடுத்துப் போகாதீர்கள். லைசென்ஸிலேயே உள்ள நிபந்தனைதான், யாரும் படிப்பதில்லை. துர்கா பூஜைப் பந்தலையும் நான் இதில்தான் சேர்ப்பேன்.
* கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடாதீர்கள். பிறர் உயிருக்கு ஆபத்தாகும்படி கொண்டாட்டமாகச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தம் இது.
* வாசல் காவலாளியிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். அவர் கையில் இருப்பது பீப் என்று கத்தும் ஒரு தடி மட்டுமே. உங்கள் இடுப்பருகே அது கத்தியதும் அவர் முகம் போகும் போக்கைப் பாருங்கள். அந்த நிலையில் அவர் சொல்லும் "சரி சார்", சம்மதத்தில் சேராது.
* வேண்டாம் என்று சொல்லிவிட்டால், காரில் பூட்டிவிட்டு உள்ளே போகாதீர்கள். வீட்டில் வைத்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.